வேகத்தடைக்கு முன்னால் வரும் சத்தம்

கடவுள் ஒருத்திக்குப் பாம்புக் காதைக் கொடுத்தால், கூடவே ஒரு மைக்செட்டையும் கட்டிவைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார் போலிருக்கிறது. பெரிய சாலையை ஒட்டிய அந்தக் கார்ப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக அதுதான் நடக்கிறது. மனைவிக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. கணவருக்குப் பட்டப்பெயர் மைக்செட். அவர் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவர். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகியதில், மெஷின் நின்ற பிறகும் குரல் இறங்க மறந்துவிட்டது. "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று அவர் கேட்டால் எதிர்க்கடைக்காரர் எழுந்து குடத்தைத் தேடுவார்.

அவளும் முதல் பன்னிரண்டு வருஷம் உறைதான் தைத்தாள். ஒருநாள், உறை மாட்டி முடித்த காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது, வண்டியைத் திருப்பி நிறுத்த மைக்செட் நாலடி நகர்த்தினார். "இந்தக் கதவுக்குள்ள ஒரு திருகாணி உருளுது" என்றாள். வண்டிக்குச் சொந்தக்காரர் சிரித்தார். எஞ்சின் ஓடுகிறது, தெருவில் லாரி போகிறது, போதாக்குறைக்கு மைக்செட் வேறு பேசிக்கொண்டிருக்கிறார், இதில் திருகாணியாம். கதவைப் பிரித்துப் பார்த்தால் அடியில் கிடக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் காதையே பார்த்தாராம். "இது மனுஷக் காதா, பாம்புக் காதா?" அன்றைக்கு விழுந்த பெயர்தான். அன்றைக்கே அவள் ஊசியையும் கீழே வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் தொழில், காருக்குள் வரும் சத்தத்தை அடைப்பது. சொன்னால் ஏதோ ஓட்டை அடைக்கிற வேலை மாதிரி இருக்கும். இருக்கை, கம்பளம், கூரைத்துணி, கதவு அட்டை எல்லாவற்றையும் கழற்றி வண்டியை வெறும் தகரமாக்குவாள். அப்புறம் விரல் முட்டியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போவாள். 'டங்' என்று அதிரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். அந்த இடத்தில், வெள்ளிப் படலம் போட்ட கறுப்பு ரப்பர் தாளைச் சூடுகாட்டி ஒட்டி, சின்ன இரும்பு உருளையால் ஒரு காற்றுக்குமிழி இல்லாமல் தேய்ப்பாள். திரும்பத் தட்டினால் 'தொப்'. அதன் மேலே நுரைத்தாள், அதற்கும் மேலே தடித்த கம்பளி. எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவருக்கு மட்டும் எல்லாம் இரண்டு அடுக்கு. கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்குத் துளைகள் இருக்கும். அவசரக்குடுக்கைகள் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டு அடுத்த வருஷம் கதவைத் துருவுக்குத் தாரைவார்ப்பார்கள். இவள் அந்தத் துளைகளைத் தொடவே மாட்டாள்.

எல்லாம் முடிந்து முதல்முறை கதவைச் சாத்தும்போது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்குப் புல்லரிக்கும். தெரு அங்கேயேதான் இருக்கிறது. லாரி போகிறது, எதிர்க்கடைக்காரர் வாய் அசைகிறது, மைக்செட் கையை ஆட்டி என்னவோ சொல்கிறார். ஒன்றும் உள்ளே வராது. தகரமும் ரப்பரும் சேர்ந்து செய்கிற வேலை என்று அவளுக்குத் தெரியும், ஒட்டியதே அவள்தானே. ஆனாலும் நம்ப முடியாமல் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. சோதனை ஓட்டத்தின்போது, அந்தக் காரில் வழக்கமாக யார் யார் போவார்களோ அவர்கள் அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். ஆள் பாரம் ஏறினால்தான் வண்டி தன் சுயரூபத்தைக் காட்டும் என்பாள். இன்னொன்று, ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. இந்த இரண்டாவது சட்டத்தால் மைக்செட்டுக்கு எந்தச் சோதனை ஓட்டத்திலும் இடம் கிடைத்ததில்லை.

டாக்சிக்காரர் வந்தது ஒரு காலை வேளை. பதினெட்டு வருஷத்து டீசல் கார். அது தெருமுனையில் திரும்பும்போதே பாம்புக்காது கையிலிருந்த உருளையைக் கீழே வைத்துவிட்டாள். அப்படி ஒரு இரைச்சல். முன்னிருக்கையில் அவர் மனைவி, கழுத்திலிருந்து மூக்குவரை வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டாக்சிக்காரர் மட்டும் இறங்கிப் பட்டறைக்குள் வந்தார். அறுபதை நெருங்கிய ஆள்.

"தங்கச்சி, இந்த வண்டிக்குள்ள மூச்சு விட்டாக்கூடக் கேக்கணும்."

"வர்றவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க அண்ணா."

"அவங்க பேச்சுக்குச் சொல்லுவாங்க. நான் நிஜமாவே சொல்றேன்."

அவர் ஒருமுறை திரும்பிக் காரைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். மனைவிக்குத் தொண்டையில் கட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. கிசுகிசுவென்று பேச வரும், பழகினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"முதல் மாசம் முயற்சி பண்ணினா. எங்க வீடு மேம்பாலத்துக்கு அடியில. அவ வாயத் தொறந்தா எல்லாரும் மூஞ்சிகிட்ட போய் என்ன, என்னன்னு கேப்போம். ஒருநாள் மக தாங்க முடியாம அழுதுட்டா. அன்னையோட நிறுத்துனவதான். என்ன வேணும்னாலும் நோட்டுல எழுதிக் காட்டுவா. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை இல்ல."

பாம்புக்காது ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் போட்டாள்.

"வாரத்துல ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கிற இடம்னா இந்த வண்டிதான். இதுக்குள்ள நான் கத்துனா எனக்கே கேக்காது. என்னைக்காவது ஒருநாள் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணி, அது என் காதுல விழாமப் போச்சுன்னா அப்புறம் சொல்லவே மாட்டா தங்கச்சி. எனக்குத் தெரியும்." அவர் மேஜை மேலிருந்த சாக்பீஸை எடுத்து உருட்டினார். "கட்டிட்டு வந்த நாள்லேருந்து வாய் ஓயாதவ. நான் ரேடியோவ சத்தமா வச்சுக்குவேன்."

தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மைக்செட், தன்னால் முடிந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, "பாவம்" என்றார். "யாரு?" என்று எதிர்க்கடையிலிருந்து கேள்வி வந்தது.

வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. வழக்கமாக ஐந்து நாளில் முடிகிற வேலை. தகரச் சுவருக்கு மூன்று அடுக்கு போட்டாள். சக்கரத்துக்கு மேலே வளையும் தகரத்தை உள்ளும் புறமுமாக மூடினாள். கூரையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக்கூட 'டங்' மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு கை தட்டைத் தட்டிப் பார்த்தது. "அதுக்கும் ஒட்டிடு, நான் சாப்பிடுற சத்தம் கேக்காது" என்றார் மைக்செட்.

பத்தாம் நாள் சோதனை ஓட்டம். டாக்சிக்காரர் ஓட்ட, மனைவி பக்கத்தில், பாம்புக்காது பின்னால். கண்ணாடிகளை ஏற்றச் சொல்லிவிட்டு, "யாரும் பேசக்கூடாது" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவள், முன்னிருக்கையைப் பார்த்துத் திடுக்கிட்டு, "உங்களச் சொல்லல அண்ணி" என்றாள். சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணி திரும்பிப் பார்த்தார். துணிக்கு மேலே தெரிந்த கண்கள் சிரித்தன.

வண்டி நகர்ந்தது. அந்தக் கிழட்டு டீசல் எங்கோ நாலு வீடு தள்ளி ஓடுவதுபோல் இருந்தது. சாலை, காலுக்கடியில் மெத்தையை இழுத்துக்கொண்டு போவதுபோல் போனது. டாக்சிக்காரர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கண்களை அகல விரித்தார். அவளுக்கே பெருமை பிடிபடவில்லை. அப்போதுதான் கேட்டது.

ஸ்ஸ்.

முன் கதவுப் பக்கம், அண்ணி உட்கார்ந்திருந்த பக்கம். மெல்லிய காற்றுக் கசிவு. வந்தது, நின்றது, திரும்ப வந்தது. பாம்புக்காதுக்கு முகம் சுருங்கிப் போனது. மூச்சு விட்டால் கேட்க வேண்டும் என்று ஒருத்தர் கேட்ட வண்டியில் கதவே மூச்சு விடுகிறது. பட்டறைக்குத் திரும்பியதும் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே தங்கச்சி, சொர்க்கம் மாதிரி இருக்கு" என்றார் டாக்சிக்காரர். முப்பது வருஷம் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காது. அதன் சாட்சியம் அவளிடம் செல்லுபடியாகவில்லை. கதவில் சாக்பீஸ் வட்டம் போட்டு, சுற்று ரப்பரை முழுக்க மாற்றினாள். மறுநாள் டாக்சிக்காரர் மட்டும் வந்தார். இருவரும் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். கசிவு இல்லை. ஆஸ்பத்திரி நாளன்று அண்ணியோடு போனார்கள். ஸ்ஸ்.

இங்கேதான் அவள் தொழில் மூளை அவளைக் கவிழ்த்தது. அண்ணி இருந்தால் சத்தம் வருகிறது, இல்லாவிட்டால் வரவில்லை என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ, அவள் நினைத்தது பாரம்! ஆள் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்துத் தகரம் மயிரிழை வளைகிறது, கதவு விலகிக் காற்று நுழைகிறது. வேறென்ன? அண்ணியின் எடை தெரிய வேண்டும். அவள் மென்மையாகக் கேட்கலாம் என்று வார்த்தை தேடுவதற்குள் மைக்செட் பட்டறை வாசலிலிருந்தே, "அண்ணி, உங்க எடை எவ்வளவு?" என்று விசாரித்துவிட்டார். தெருவே அண்ணியைத் திரும்பிப் பார்த்தது. அண்ணி நோட்டை எடுத்து எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்தே நீட்டினார்: அறுபத்திரண்டு. இன்னும் யாருக்காவது தெரியணுமா?

பாம்புக்காது அறுபத்திரண்டு கிலோ மணல் மூட்டையை முன்னிருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டி ஊரைச் சுற்றினாள். மூட்டை வாயே திறக்கவில்லை.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காற்றுக் கசிவு என்றால் அதற்கு ஒரு குணம் உண்டு. வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். இது நேர்மாறு. அகலச் சாலையில் பறக்கும்போது பேசாமல் கிடக்கிறது. கடைத்தெருவில் ஊர்ந்தால் ஓயாமல் வருகிறது. லாரி நெருங்கினால் வருகிறது. அதைவிட விசித்திரம், வேகத்தடைக்கு முன்னால் வருகிறது. சக்கரம் ஏறிய பிறகு வந்தால் தகரம் அசைகிறது எனலாம். இது இருபதடி முன்னாலேயே வருகிறது.

"அதெப்படி?" என்றார் மைக்செட். "காத்துக்குக் கண்ணு இருக்கா?"

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் அவள் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டாள். இரண்டு முழக் குழாய். ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியைத் தகரத்தின் மேல் நகர்த்தினால் சத்தம் பிறக்கிற இடம் அகப்பட்டுவிடும். இதுவரை எந்தக் காரும் அதனிடம் தப்பியதில்லை. அண்ணிக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைத்தெரு வந்தது. ஸ்ஸ். குழாயைக் கதவின் அடிவிளிம்பில் வைத்தாள். ஒன்றுமில்லை. சுற்று ரப்பர் வழியாக மேலே ஏற்றினாள். பூட்டுப் பக்கம் இல்லை, கீல் பக்கம் இல்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வந்தபோது சத்தம் கூடியது. ஆகா, கண்ணாடிதான் என்று நினைத்தாள். ஆனால் குழாய்நுனி கண்ணாடியை விட்டு விலக விலகச் சத்தம் இன்னும் தெளிந்தது. கண்ணாடி வெறுமனே வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. சத்தம் உள்ளே இருந்து வருகிறது. அவள் குழாயை மெல்ல மெல்ல முன்னிருக்கையின் தலைசாய்ப்புப் பக்கம் கொண்டுபோனாள். வெள்ளைத் துணியின் ஓரத்துக்கு அருகே அது நின்றது.

காற்றுக்கு எழுத்து இருந்தது.

"ஸ்பீட் பிரேக்கர்... ஸ்பீட் பிரேக்கர் வருது... மெதுவா."

டாக்சிக்காரர் கவனிக்கவில்லை. வண்டி ஏறி இறங்கித் தூக்கிப்போட்டது.

"சொன்னாக் கேட்டாத்தானே."

பாம்புக்காதுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சிலிர்த்தது. பதினாலு வருஷமாக எத்தனையோ சத்தங்களைத் தேடிப் பிடித்துக் கொன்றவள். தகரம், திருகாணி, காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் கேட்ட காது, இதைக் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, துணிக்குள்ளே, யாருக்கும் கேட்காது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே ஒரு மனுஷி பேசிக்கொண்டிருக்கிறாள். சிக்னல் மாறிடுச்சு. அந்தப் பஸ்ஸ முந்தாதீங்க. வெயில் கண்ணுல அடிக்குது, அந்த மறைப்ப இறக்குங்க. அந்தக் கடையில மக செருப்பு பாத்தா, ஒருநாள் வாங்கணும். எத்தனை ஆஸ்பத்திரி நாள்! இரண்டு வருஷம், வாரத்துக்கு நாலு மணி நேரம். இவள் இதை அடைக்கத்தான் கதவு ரப்பரை முழுக்க மாற்றியிருக்கிறாள்.

குழாயின் இந்த நுனியைத் தன் காதிலிருந்து எடுத்தாள். முன்னால் குனிந்து, ஓட்டிக்கொண்டிருந்தவர் காதில் வைத்தாள். டாக்சிக்காரர் என்ன என்று கேட்பதுபோலக் கண்ணாடியில் பார்த்தார். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். முன்னால் ஒரு லாரி.

அவர் முகத்தில் என்ன நடந்தது என்று பின்னாலிருந்து முழுதாகத் தெரியவில்லை. காது மட்டும் தெரிந்தது. அது சிவந்துகொண்டே வந்தது. அப்புறம் வண்டி நின்றது. ஓரமெல்லாம் இல்லை, நட்ட நடுச் சாலையில்.

அண்ணி ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். துணியைக் கீழே இழுத்துக்கொண்டு, நேராக அவரைப் பார்த்து, வழக்கம்போல யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் சொன்னார்:

"நடு ரோட்டுல நிறுத்துறீங்களே, பின்னாடி பஸ் வருது."

அதற்குக் குழாய் தேவைப்படவில்லை. டீசல் ஓடிக்கொண்டேயிருந்தது. வெளியே பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தான். உள்ளே அது பக்கத்து ஊர்ச் சத்தம்போல் கேட்டது. கிசுகிசுத்த ஒவ்வொரு எழுத்தும் அப்படியே அவர் காதில் போய் விழுந்தது.

"தெரியும்" என்றார் டாக்சிக்காரர். "பஸ் வருது. தெரியும்."

அண்ணி அப்படியே உறைந்துபோனார். கை தானாகத் தொண்டைக்குப் போனது. கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம், "கேக்குதா?" என்று வந்தது.

"கேக்குது." அவருக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்தார். "ரெண்டு வருஷமாவா பேசிட்டு வர்ற?"

"முப்பத்தொரு வருஷமா. நீங்க எப்பக் கேட்டீங்க?"

அவர் சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டார். பஸ்காரன் ஜன்னல் வழியாக எட்டி என்னவோ திட்டினான். வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

"முதல்ல வண்டிய எடுங்க" என்றார் அண்ணி.

எடுத்தார். ரேடியோ அணைந்துதான் இருந்தது. இருந்தாலும் அதன் குமிழை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிக்னலில் பச்சை என்றார் அண்ணி, அவர் போனார். லாரியை விட்டுத் தள்ளி வரச் சொன்னார், தள்ளி வந்தார். அடுத்த வேகத்தடை தூரத்தில் தெரிந்தது.

"ஸ்பீட் பிரேக்கர்."

அவர் அவ்வளவு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, குறைத்து, வண்டியை அதன் மேல் எறும்பு ஏறுவதுபோல் ஏற்றி இறக்கினார். தட்டென்று ஒரு அதிர்ச்சி இல்லை.

"இப்படியா ஊருவாங்க?" என்றார் அண்ணி. "ஆஸ்பத்திரிய மூடிடுவாங்க."

"சரி, சொல்லு" என்றார் டாக்சிக்காரர். "எப்படிப் போகணும்னு சொல்லிட்டே வா."

அண்ணி சொல்லிக்கொண்டே வந்தார். பாம்புக்காது குழாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, தன் சட்டப்படி, ஆஸ்பத்திரி வரைக்கும் வாயைத் திறக்கவேயில்லை.